புல் குடிக்கும் காவிரி

மல்லேஸ்வரத்தின் இரு முக்கிய சாலைகளுக்கு மரங்களின் பெயர். ஒன்று சம்பிகே சாலை. சம்பிகே என்றால் செண்பகம். மற்றது மார்கோசா சாலை, அதாவது வேம்பு. இரண்டும் வேர் பிடித்துவிட்டால் குழாய்த் தண்ணீரை எதிர்பார்க்காத மரங்கள். பங்களா வாசலில் பச்சைக் கம்பளமாக விரிக்கப்படும் புல்தரையின் குணம் வேறு. அதற்குக் கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும்.

கணக்கு எளிது. பெங்களூர் கோடையில் புல்தரை ஒரு நாளில் சுமார் 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக இழக்கிறது. ஆயிரம் சதுர அடிக்கு இது ஏறக்குறைய 450 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். ஆக, மூன்று பேருக்கான தண்ணீரைப் புல் குடித்துவிடுகிறது. அதுவும் எந்தத் தண்ணீர்? சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு, மின்சாரத்தைக் கொட்டி ஏற்றப்படும் காவிரி.

2023ல் மழை பொய்த்தது. 2024 மார்ச்சில் ஆயிரக்கணக்கான ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு நகரமே குடத்துடன் நின்றபோது, குடிநீர் வாரியம் சாட்டையை எடுத்தது. குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினாலோ கார் கழுவினாலோ 5,000 ரூபாய் அபராதம். மறுபடி சிக்கினால் அதற்கு மேல் தினம் 500 ரூபாய். சில நாட்களில் 22 வீடுகள் பிடிபட்டன; 1.1 லட்சம் ரூபாய் வசூலானது. கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தில் 22 வீடுகள்! 2025 பிப்ரவரியில் அதே உத்தரவு மீண்டும் வந்தது.

அபராதத்துக்கு இன்னொரு கோளாறும் உண்டு. புல்லைக் காயவிடும் வீட்டுக்காரருக்கு அடுத்து என்ன செய்வது என்று அது சொல்வதில்லை. அவருக்குத் தெரிந்த சுலபமான வழி சிமென்ட். தரையை மூடி டைல்ஸ் பதித்து விட்டால் தண்ணீர்ச் செலவில்லை, தோட்டக்காரர் சம்பளமில்லை, கார் நிறுத்தவும் இடம். ஆனால் மழை மண்ணுக்குள் இறங்காமல் சாக்கடைக்கு ஓடும். வெயிலில் வாசல் தகிக்கும். தண்ணீரைச் சேமிக்கப் போய் நிலத்தடி நீரின் கதவையே அடைத்த கதைதான்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் வேறு வழியைப் பிடித்தது. பாலைவனத்தின் நடுவே, ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழை பெறும் ஊர் அது. அங்குள்ள நீர் ஆணையம் 1999 முதல், புல்லைப் பெயர்த்தெடுப்பவர்களுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ரொக்கமே தருகிறது. சும்மா அல்ல. நடும் செடிகள் வளர்ந்தபின் அந்த இடத்தில் பாதியையாவது மூட வேண்டும். மறுபடி புல் வளர்ப்பதில்லை என்று எழுதியும் கொடுக்க வேண்டும். இதுவரை 20 கோடி சதுர அடிக்கு மேல் புல் போயிருக்கிறது. ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்குச் சுமார் 200 லிட்டர் மிச்சம்.

பெங்களூருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 97 சென்டிமீட்டர் மழை. இங்கே வேலை இன்னும் சுலபம். அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ நட்டு, அடியில் சருகை மூடாக்காகப் போட்டால் போதும். வேர் பிடித்தபின் வாரம் ஓரிரு முறை ஊற்றினாலே நிற்கும். அதுவும் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீராக இருக்கலாம்.

ஆனால் இங்கே சட்டத்துக்குப் பிரம்பைத்தான் பிடிக்கத் தெரிந்திருக்கிறது. 2009ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. செய்யாதவர்களின் பில்லில் அபராதம் ஏறுகிறது. 2025 ஏப்ரலில், 11 ஆண்டுகளுக்குப் பின், தண்ணீர்க் கட்டணமும் உயர்ந்தது. மிக அதிகமாகச் செலவழிக்கும் வீடுகளுக்கும் உயர்வு லிட்டருக்கு ஒரு பைசாதான். அதற்குப் பயந்து யாரும் புல்லைப் பிடுங்கப் போவதில்லை.

சலுகை என்றதும் நியாயமான கேள்வி ஒன்று எழும். புல்தரை வைத்திருப்பவர் வசதிக்காரர். பிளாஸ்டிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பவரின் வரிப்பணத்தில் அவருக்கு எதற்குப் பரிசு? பதில் உண்டு. அபராதமாக வசூலாவதையும், அளவுக்கு மீறிச் செலவழிப்போர் தரும் கூடுதல் கட்டணத்தையும் இதற்கு ஒதுக்கலாம். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கலாம். பெரிய வளாகங்களுக்கும் கிளப்புகளுக்கும் சலுகையே வேண்டாம்; கப்பன் பூங்கா, லால்பாக் போல அவை சுத்திகரித்த கழிவுநீருக்கு மாறட்டும்.

சலுகையைப் பில்லில் கழித்தால் மட்டும் போதாது. பல தோட்டங்கள் குடிப்பது சொந்த ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து; எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது பில்லில் தெரியாது. எனவே பரிசு சதுர அடிக் கணக்கில் இருக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: மண் மண்ணாகவே இருக்க வேண்டும். சிமென்ட் போட்டால் ஒரு பைசா கிடையாது.

மல்லேஸ்வரத்தில் பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழும்போது, முதலில் காணாமல் போவது வாசல் மண்தான். செண்பகமோ வேம்போ நிற்கும் நாலு அடி மண்ணை இன்னும் விட்டுவைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு இதுவரை யாரும் ஒரு ரூபாய் தள்ளுபடி தர நினைக்கவில்லை. அடுத்த கோடையின் உத்தரவை எழுதும்போது, அபராதத் தொகைக்குக் கீழே அவருக்காகவும் ஒரு வரி சேர்க்கலாம்.