ஸாம்ப் போட்டால் போதுமா?

பொறியியல் கல்லூரி லேப் ஆகட்டும், கணினிப் பயிற்சி மையம் ஆகட்டும், யூடியூப் பாடம் ஆகட்டும், பிஎச்பி வகுப்பு ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறது: "முதல்ல ஸாம்ப் இன்ஸ்டால் பண்ணிடுங்க." கன்ட்ரோல் பேனலைத் திறந்து அப்பாச்சிக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் நேரே இருக்கிற ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டும் பச்சையானதும் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் கோப்பைப் போட வேண்டும். அவ்வளவுதான், சர்வர் தயார். உள்ளூர் சர்வர் என்றாலே ஸாம்ப்தான், அதற்குமேல் மாணவர் எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்பது இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. அது தவறு என்பதோடு, கற்கிறவர்களுக்குக் கெடுதலும் செய்கிறது என்றே நினைக்கிறேன். அதற்காகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸாம்ப்பைக் குறை சொல்வதற்குமுன் அதற்குச் சேர வேண்டிய மரியாதையைச் செலுத்திவிட வேண்டும். அப்பாச்சி ஃபிரெண்ட்ஸ் குழு 2002இல் அதை வெளியிட்டபோது, விண்டோஸ் கணினியில் அப்பாச்சியையும் மைஎஸ்க்யூஎல்லையும் பிஎச்பியையும் தனித்தனியே நிறுவி, அமைப்புக் கோப்புகளைக் கையால் திருத்தி, ஒன்றோடொன்று பேச வைப்பது பெரும்பாடு. ஒரு வரி பிசகினாலும் அப்பாச்சி எழுந்திருக்காது. அந்தச் சிரமத்தை ஒரே இன்ஸ்டாலரில் தீர்த்தது ஸாம்ப். அதனால் பிஎச்பிக்குள் வந்தவர்கள் ஏராளம். ஆனால் அது அந்தக் காலத்துச் சிக்கலுக்கான தீர்வு. சிக்கல் மாறிவிட்டது, பாடம் மாறவில்லை.

முதல் வாதம்: "அப்பாச்சி இல்லாமல் பிஎச்பி ஓடாது, அதனால் ஸாம்ப் வேண்டும்." 2012 மார்ச் வரை இதில் ஓரளவு உண்மை இருந்தது. அந்த மாதம் வெளியான பிஎச்பி 5.4 தனக்குள்ளேயே ஒரு சிறிய வெப் சர்வரைக் கொண்டுவந்தது. உங்கள் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து, பிஎச்பி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் பெரிய எஸ் எழுத்தும் போட்டு, அதன்பின் லோக்கல்ஹோஸ்ட்:8000 என்று கொடுத்தால் போதும். பிரவுசரில் அதே முகவரியைத் திறந்தால் பக்கம் வந்து நிற்கும். எச்டிடாக்ஸ் வேண்டாம், கன்ட்ரோல் பேனல் வேண்டாம். டி டிரைவில் எங்கோ ஓர் ஃபோல்டரில் இருக்கும் கோப்பும் அங்கிருந்தபடியே ஓடும். லாராவெல் படிப்பவர்கள் தினமும் தட்டும் ஆர்ட்டிசன் சர்வ் கட்டளையும் அடியில் இந்தச் சர்வரைத்தான் இயக்குகிறது.

இதற்கும் எல்லைகள் உண்டு. இயல்பான அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைக்குத்தான் பதில் சொல்லும். அதனால் ஒரு பக்கம் அதே சர்வரின் இன்னொரு பக்கத்தைக் கூப்பிட்டுக் காத்திருந்தால் இரண்டும் அப்படியே தொங்கிவிடும். அப்பாச்சியின் எச்டிஆக்சஸ் கோப்பை இது படிப்பதே இல்லை. பொது இணையத்தில் இதை வைக்கக் கூடாது என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. ஆனால் படிவம், செஷன், கோப்பேற்றம், பிடிஓ வழியே தரவுத்தளம் என்று முதல் ஆறு மாதத்தில் ஒருவர் கற்க வேண்டிய அனைத்துக்கும் இது தாராளமாகப் போதும்.

அடுத்து, "எல்லாம் ஒரே இடத்தில் வருவதால் எளிது" என்கிறார்கள். நிறுவுவது எளிது, சரி. கெட்டுப்போனால்? காலையில் அப்பாச்சியின் ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறார் மாணவர். ஒரு நொடி பச்சையாகி அணைந்துவிடுகிறது. 80ஆம் போர்ட்டை வேறு ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் விண்டோஸின் ஐஐஎஸ். போர்ட் என்றால் என்ன, யார் பிடித்திருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தராததால், அவர் ஸாம்ப்பையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார். நெட்ஸ்டாட் கட்டளையில் ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து ஓட்டினால், எந்தப் போர்ட்டை எந்தச் செயலி வைத்திருக்கிறது என்று அதன் எண்ணோடு தெரிந்துவிடும். அது ஐந்து நிமிடப் பாடம், வேலைக்குப் போன பிறகும் காலமெல்லாம் உதவும்.

இதைவிட மோசமானது தரவுத்தளத்தில் நடக்கிறது. "மைஎஸ்க்யூஎல் எதிர்பாராமல் நின்றுவிட்டது" என்ற சிவப்பு வரியைப் பார்க்காத ஸாம்ப் பயனர் அரிது. மின்சாரம் போய்க் கணினி சட்டென்று அணைந்தாலே சில நேரம் வந்துவிடும். உடனே யாராவது ஒருவர் டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ஐபிடேட்டா1 என்ற கோப்பை அழிக்கச் சொல்வார். அழித்ததும் சில நேரம் சர்வர் எழுந்துவிடும். டேபிள்களின் பெயர்களும் பட்டியலில் தெரியும். உள்ளே திறந்தால் "இப்படி ஒரு டேபிள் எஞ்சினில் இல்லை" என்று வரும். ஏனென்றால் எந்த டேபிளின் தரவு எங்கே இருக்கிறது என்று இன்னோடிபி என்ற அந்த எஞ்சின் குறித்துவைக்கும் கணக்கு அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்ட்டின் தரவு முழுவதும் இப்படிப் போகும்போது மாணவர் தன்னைத்தான் நொந்துகொள்கிறார். தரவுத்தளம் என்பது பட்டனுக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்று என்று மட்டும் கற்பித்ததுதான் பிழை. மைஎஸ்க்யூஎல்டம்ப் கொண்டு வாரம் ஒருமுறை காப்பு எடுக்கச் சொல்லியிருந்தால் இந்த இழப்பே இல்லை. இன்னொன்று: பேனலில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் 2015 முதல் ஸாம்ப்பில் இருப்பது மரியாடிபி. சர்வரில் மைஎஸ்க்யூஎல் 8 இருந்து, அங்கிருந்து எடுத்த தரவை இங்கே ஏற்றும்போது "இந்தக் கொலேஷன் தெரியாது" என்று ஏன் மறுக்கிறது என்பது இதைத் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேரூன்றிய வாதம் இது: "இங்கே ஓடினால் சர்வரிலும் ஓடும்." நம் மாணவர்கள் எழுதுவது விண்டோஸில். அந்த நிரல் கடைசியில் போய்ச் சேருவது பெரும்பாலும் லினக்ஸ் ஹோஸ்டிங்கில். இரண்டும் கோப்புப் பெயரைப் பார்க்கும் விதமே வேறு. கோப்புக்குப் பெரிய எச் போட்டு ஹெட்டர்.பிஎச்பி என்று பெயர் வைத்துவிட்டு, நிரலில் சிறிய எச் போட்டுச் சேர்த்தால் விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்புகள், "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று சொல்லிவிடும். மாதக்கணக்கில் ஸாம்ப்பில் ஓடிய தளம், ஏற்றிய அன்றே முதல் வரியில் நிற்பதற்கு இதுவே போதும்.

டேபிள் பெயரிலும் இதே கதை. விண்டோஸில் ஓடும் மைஎஸ்க்யூஎல்லும் மரியாடிபியும் டேபிள் பெயர்களைச் சிறிய எழுத்தாக மாற்றித்தான் சேமிக்கும். நீங்கள் பெரிய எஸ்ஸில் ஸ்டூடன்ட்ஸ் என்று உருவாக்கியிருப்பீர்கள், நிரலிலும் அப்படியே எழுதியிருப்பீர்கள். பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் பெயர் சிறிய எஸ்ஸில் இருக்கும். லினக்ஸ் சர்வரில் அதை ஏற்றியதும் நிரல் பெரிய எஸ்ஸைத் தேடும், கிடைக்காது. நிரலிலும் பிழையில்லை, தரவிலும் பிழையில்லை. பழகிய இடம் மறைத்துவைத்த வேறுபாடு இது.

முகவரியும் அப்படித்தான். எச்டிடாக்ஸுக்குள் புராஜெக்ட் என்ற ஃபோல்டரில் தளம் இருப்பதால், ஸ்டைல் கோப்புக்கான பாதையை மாணவர் சாய்கோடு, புராஜெக்ட், சாய்கோடு, சிஎஸ்எஸ் என்று எழுதிப் பழகுகிறார். டொமைனின் வேரில் தளத்தை வைத்ததும் வண்ணமும் படமும் இல்லாத வெற்றுப் பக்கம் வருகிறது. தளத்துக்கென்று தனி வேர் வைத்துப் பழகியிருந்தால், அப்பாச்சியில் ஒரு விர்ச்சுவல் ஹோஸ்ட் அமைத்தோ, பிஎச்பியின் உள்சர்வரைப் புராஜெக்ட் ஃபோல்டரிலிருந்தே தொடங்கியோ, இந்தச் சிக்கல் எழாது.

தமிழில் தளம் செய்கிறவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லை எஸ்டிஆர்லென் செயற்கூறிடம் கொடுத்தால் நீளம் 15 என்று சொல்லும். அது எண்ணுவது பைட்டுகளை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்ற ஐந்து குறிகளுக்கும் யுடிஎஃப்-8இல் தலைக்கு மூன்று பைட். எம்பி_எஸ்டிஆர்லென் 5 என்று சொல்லும். நாம் கண்ணால் பார்க்கும் மூன்று எழுத்துகளை மூன்று என்றே எண்ணுவது கிராஃபீம்_எஸ்டிஆர்லென். பெயர்ப் பெட்டியில் இருபது எழுத்துக்குமேல் கூடாது என்று தமிழ்ப் பயனருக்கு விதி வைப்பவருக்கு இந்தக் கடைசிச் செயற்கூறுதான் தேவை. அது இன்டல் என்ற எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது. ஸாம்ப்பின் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் இன்டல் வரிக்கு முன்னால் அரைப்புள்ளி போட்டு அணைத்துவைத்திருக்கிறார்கள். எம்பிஸ்ட்ரிங் மட்டும் இயங்கும் நிலையில் வருகிறது. உபுண்டுவில் இரண்டுமே தனித்தனிப் பேக்கேஜ், கேட்டு நிறுவினால்தான் வரும். ஸாம்ப்பில் தானாகக் கிடைத்ததை மொழியின் இயல்பு என்று நினைத்தவர், புதிய சர்வரில் "இப்படி ஒரு செயற்கூறு இல்லை" என்ற பிழையைப் பார்த்துத் திகைக்கிறார். ஆங்கில எழுத்துகளை மட்டும் கொடுத்துச் சோதிக்கும் பாடங்களில் இது தலைகாட்டுவதே இல்லை.

பதிப்பு வேறுபாடும் உண்டு. உபுண்டு 22.04இன் களஞ்சியத்தில் இருப்பது பிஎச்பி 8.1. உங்கள் ஸாம்ப்பில் 8.2 இருந்து, அதில் புதிதாக வந்த ரீட்ஒன்லி கிளாஸைப் பயன்படுத்தியிருந்தால் அங்கே அந்தக் கோப்பைப் படிக்கவே முடியாது. பிழைச் செய்தியாவது திரையில் வருமா என்றால் அதுவும் வராது. ஸாம்ப்பில் டிஸ்ப்ளே_எரர்ஸ் இயங்குகிறது, ஒழுங்காக அமைத்த சர்வரில் அணைந்திருக்கும். வெள்ளைப் பக்கத்தை வெறித்துப் பார்க்கும் மாணவருக்கு எரர் லாக் என்ற ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

"என் கணினிக்குள் இருக்கிற சர்வருக்குப் பாதுகாப்பு எதற்கு?" இப்படிக் கேட்பவர்கள் ஸாம்ப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அதன் அப்பாச்சி 80ஆம் போர்ட்டில் உங்கள் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் காது கொடுக்கிறது. முதல்முறை தொடங்கும்போது விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும், எல்லோரும் அலோ கொடுத்துவிடுவார்கள். அதன்பின் ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் ஐபி முகவரியைத் தட்டினால் எச்டிடாக்ஸுக்கு வந்துவிடலாம். இன்டெக்ஸ் கோப்பு இல்லாத ஃபோல்டர் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும். அதில் ஒரு பேக்கப் எஸ்க்யூஎல் கோப்பு இருந்தால் அதையும் இறக்கிக்கொள்ளலாம். பிஎச்பிமைஅட்மினை மட்டும் அதே கணினிக்குள் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்பது ஆறுதல். பாஸ்வேர்டு இல்லாத ரூட் கணக்கை நிரலில் எழுதிப் பழகும் கை, வெளியே போனபின் பாஸ்வேர்டைச் சேர்த்துக்கொண்டு ரூட்டையே தொடர்கிறது என்பது அதைவிடக் கவலை தருவது.

இந்த ஆபத்து வெறும் ஊகம் இல்லை. 2024 ஜூனில் தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் விண்டோஸ் பிஎச்பியில் ஒரு பெரிய ஓட்டையை வெளிப்படுத்தினார். சிவிஇ-2024-4577 என்பது அதன் எண். பிஎச்பி-சிஜிஐ கோப்பை வெளியிலிருந்து எட்டக்கூடிய விதத்தில் ஸாம்ப் வைத்திருப்பதால், அதன் இயல்பு அமைப்பே பாதிக்கப்படக்கூடியதாக இருந்தது. சீன, ஜப்பானிய மொழி அமைப்பு கொண்ட விண்டோஸில் தாக்க முடியும் என்று உறுதிசெய்தார்கள். பிஎச்பி 8.2.20இல் திருத்தம் வந்தது. அப்போது ஸாம்ப்பின் கடைசி வெளியீடு 8.2.12. தனி பிஎச்பி வைத்திருந்தவர் புதிய ஜிப்பை இறக்கி மாற்றிக்கொண்டார். ஒரே கட்டாக வாங்கியவர் கட்டுக்காரருக்காகக் காத்திருக்க வேண்டும். ஸாம்ப்பை உண்மையான தளத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். அதையும் மீறி அலுவலகக் கணினியில் ஸாம்ப்பை நிறுவி ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவது, "சர்வர் என்றால் ஸாம்ப்" என்று கற்றதன் நேர் விளைவு.

கடைசியாக, "மாற்று வழியெல்லாம் கனம், டாக்கருக்கு நல்ல லேப்டாப் வேண்டும்" என்பது. டாக்கரைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் டாக்கர் டெஸ்க்டாப்பை ஓட்டச் சொல்வது கொடுமை. குழுவாக வேலை செய்து எல்லோர் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும் என்ற நிலை வரும்போது அது வரட்டும். ஆனால் ஸாம்ப்பை விட்டால் டாக்கர்தான் என்று யார் சொன்னது? விண்டோஸ் பிஎச்பியின் ஜிப் கோப்பு சில பத்து எம்பிதான். மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ ரன்டைம் ஏற்கெனவே இருந்தால், அட்மின் உரிமை இல்லாத லேப் கணினியிலும் டி டிரைவில் பிரித்து வைத்து ஓட்டலாம். தரவுத்தளத்துக்கு எஸ்க்யூலைட் ஒரே ஒரு கோப்பு. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போகலாம்.

அடுத்த செமஸ்டரில் டபிள்யூஎஸ்எல் வழியே விண்டோஸுக்குள்ளேயே உபுண்டுவை நிறுவி, என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம், மரியாடிபி மூன்றையும் மாணவரே ஒவ்வொன்றாகப் போடலாம். நிரலை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் வைத்தால் வேகமும் குறையாது. அங்கே கோப்புப் பெயரின் பெரிய எழுத்து முதல் நாளே பிழை காட்டும். அப்லோடு ஃபோல்டரில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனருக்கு எழுதும் உரிமை இல்லை என்பதும் அங்கேயே தெரியும். 777 கொடுத்து ஓடிப்போகாமல் உரிமையாளரை மாற்றக் கற்பார். ரூட்டாக நுழைய முடியாமல் தளத்துக்கென்று தனி தரவுத்தளப் பயனரை உருவாக்குவார். இதற்கு லேபில் இரண்டு மணி நேரம் கூடுதலாகும். அந்த இரண்டு மணி நேரத்தைப் பாடத்திட்டத்தில் ஒதுக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள்தான்.