நிறம் போனால் நிரல் போனதா?



2019 முதல் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. நம் காளையார்கோவில் பிள்ளைகளும் ஐடிலில் எழுதுகிறார்கள். எழுத்தின் நிறம் மறைந்ததும் நிரலே கெட்டது என்று பயந்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள்.

அழிக்காதீர்கள், கண்ணுகளா! பெரும்பாலும் கோப்பின் பெயரில் கடைசியாகப் 'புள்ளி பி ஒய்' விடுபட்டிருக்கும். அதைச் சேர்த்துச் சேமித்தால் நிறம் திரும்பிவிடும். நீங்களே எழுதிய செயற்கூறுக்கு அடைப்புக்குறி போட்டும் அளபுருக் குறிப்பு வரவில்லையா? எஃப்5 அழுத்தி ஒருமுறை இயக்குங்கள். இயக்கிய பிறகுதான் ஐடிலுக்கு அது தெரியும்.

நிறமும் குறிப்பும் நடைவண்டி மாதிரி. பொதுத்தேர்வு விடைத்தாளில் இரண்டும் கிடையாது. ஆகவே 'ஏன் வரவில்லை' என்று கேட்கப் பழக்குவதே பாடம்.

மென்பொருள் வேலையிலிருக்கும் என் பிள்ளைகளே, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இவர்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.