‘பழகிடும்’ என்று சொல்லி வதைக்கிறோம்

என் பெரியப்பாவுக்குத் தாடையில் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். அறுவை முடிந்து, கரண்ட் வைத்து, கட்டி மறுபடியும் தலைதூக்கிய பிறகு, “இனி வீட்டுல வெச்சுப் பாத்துக்கங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பத்து மணியானால் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்வார். பாட்டுக் கேட்கத்தான் என்று நினைத்திருந்தோம். தான் முனகுவது பேரப்பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார் என்று பெரியம்மா பிறகுதான் சொன்னார்.

எங்கள் ஊர் டாக்டரிடம் மார்ஃபின் கேட்டோம். நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். “அது போதை மருந்துங்க. பழகிடுச்சுன்னா விட முடியாது” என்றார். பெரியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “இன்னும் எத்தன நாளைக்குங்க டாக்டர் பழகப் போறாரு?” என்று கேட்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார். பதினெட்டாம் நாள் பெரியப்பா இறந்தார். அதுவரை ஒரு ராத்திரிகூட ரேடியோ ஓயவில்லை.

அந்த டாக்டரைக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அவர் சொன்னதைத்தான் ஊரே நம்புகிறது. மெடிக்கல் கடைக்காரர் நம்புகிறார், அடுத்த வீட்டுக்காரர் நம்புகிறார், பல மருத்துவமனைகளில் செவிலியர்களும் நம்புகிறார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, வலியில் துடிக்கும் நோயாளியே நம்புகிறார். “அந்த மாத்திரை மட்டும் வேணாம்பா, கெட்ட பேர் ஆயிடும்” என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார். இந்த நம்பிக்கை தவறானது. எத்தனையோ லட்சம் பேரைக் கதறக் கதறச் சாகவைத்த தவறு இது.

‘பழக்கம்’ என்ற சொல்லிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. இரண்டு வேறுவேறு விஷயங்களை நம் பேச்சு இந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டது. மார்ஃபினைச் சில வாரங்கள் எடுத்துக்கொண்டவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நடுங்கும், வியர்க்கும், வயிறு கலங்கும். அது உடம்பு மருந்துக்குப் பழகியதன் அடையாளம். படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மூட்டுநோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் நீண்டநாள் தரும் ஸ்டீராய்டு மாத்திரையையும்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதைச் சாப்பிடுகிறவரை யாரும் போதைக்காரர் என்று சொல்வதில்லை. அடிமைத்தனம் என்பது வேறு. குடும்பம் சிதைந்து, வேலை போய், உடம்பு கெட்ட பிறகும் அந்தப் பொருளைத் தேடி ஓடவைக்கும் நோய் அது. மார்ஃபின் சாப்பிடும் புற்றுநோயாளியோ வலி அடங்கியதும் எழுந்து உட்காருகிறார், பேசுகிறார், நாலு வாய் சோறு சாப்பிடுகிறார். எலும்பில் பரவிய புற்று கதிர்வீச்சில் தணிந்துவிட்டால் மருத்துவர்கள் மார்ஃபினைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தவும் செய்கிறார்கள். அடிமையாகும் வாய்ப்பு அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது சிறியது, கண்காணித்துச் சமாளிக்கக் கூடியது. வலியோ இப்போதே, கண்முன்னே நடக்கிறது.

கோழிக்கோட்டில் இதைச் செய்து பார்த்தே நிரூபித்தார்கள். 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் அங்கே தொடங்கிய வலி தணிப்பு அமைப்பு, நோயாளிகளின் கையிலேயே மார்ஃபின் மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் அப்படி மருந்து பெற்ற 1,723 பேரின் கணக்கை ஆராய்ந்து, 2001இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ வெளியே கடத்தப்பட்டதாகவோ ஒரு சம்பவம்கூட அதில் இல்லை. கூலிக்காரர்களும் மீனவர்களும் தோட்டத் தொழிலாளிகளும் வாழும் ஊர்களில், பூட்டுப் போட்ட அலமாரிகூட இல்லாத வீடுகளில் கிடைத்த முடிவு இது.

இந்தப் பயத்தை நம் மண்டையில் ஏற்றியதில் அரசுக்குப் பெரும் பங்கு உண்டு. 1985 நவம்பர் 14 அன்று போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் நோயாளிகள் சிக்கிக்கொண்டார்கள். ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. வெவ்வேறு அலுவலகங்கள் தந்த அவை அத்தனையும் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் இருக்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகியிருக்கும். இருப்புப் பதிவேட்டில் கணக்கு உதைத்தால் ஜெயிலுக்குப் போக நேருமோ என்ற பயம் வேறு. மருந்துக் கடைகள் மார்ஃபினை வைப்பதையே விட்டுவிட்டன. 1997இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. சட்டம் வருவதற்கு முன்பிருந்ததில் 97 விழுக்காடு காணாமல் போயிருந்தது. அந்த ஆண்டுகளில் படித்து வெளியே வந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கினார்கள். பார்க்காத மருந்தை அவர்கள் எப்படி எழுதுவார்கள்? எங்கள் ஊர் டாக்டரின் பயம் அங்கே விளைந்தது.

இதே நாட்டில்தான் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரிலும் நீமச்சிலும், ராஜஸ்தானின் சித்தோர்கரிலும் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி வளர்க்கிறார்கள். காயைக் கீறி, வடியும் பாலைச் சேர்த்து, அபினாக அரசிடமே கொடுக்கிறார்கள். மார்ஃபின் அதிலிருந்துதான் வருகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசுக்கே ஆலைகள் இருக்கின்றன. பல ஆண்டுகளாக இந்த அபினைக் கப்பலேற்றி வெளிநாட்டு நோயாளிகளின் வலியைத் தணித்தோம். நம் வீட்டு நோயாளியிடம் பாராசிட்டமாலை நீட்டினோம்.

கேரளம் 1999இலேயே தன் விதிகளைத் தளர்த்தியது. மற்ற மாநிலங்களில் பல நீண்ட காலம் அசையவில்லை. கடைசியில் 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசிய’ மருந்துகளாயின. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஓர் அங்கீகாரம் இருந்தால் போதும், மருத்துவமனை அவற்றை வாங்கி வைக்கலாம். சட்டம் திருந்தியது, மனம் திருந்தவில்லை. இந்தியாவின் தேவையில் சுமார் 4 விழுக்காடு அளவுக்கே இத்தகைய வலி மருந்து கிடைக்கிறது என்று லான்செட் ஆணையம் 2017இல் கணக்கிட்டுச் சொன்னது.

“மார்ஃபின் கொடுத்தா சீக்கிரம் உயிர் போயிடும்” என்று இன்னொரு பேச்சு உண்டு. கடைசி இரண்டு நாளில் மட்டும் ஊசியாகப் போட்டுப் போட்டு நாமே உண்டாக்கிய பேச்சு இது. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வழி சொல்லிவிட்டது: வாய்வழியாக, மணிக்கணக்குப்படி, வலியின் படிநிலைக்கு ஏற்ப. குறைந்த அளவில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்து, வலி அடங்கும்வரை மெல்ல ஏற்றினால் மூச்சு நின்றுபோகும் ஆபத்து மிக அரிது. முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும். மலச்சிக்கல் வந்தே தீரும், அதற்கும் சேர்த்து மருந்து எழுத வேண்டும். நோயாளியைச் சாகடிப்பது நோய். பழி மட்டும் மருந்துக்கு.

அமெரிக்காவைக் காட்டி என்னை மடக்குவார்கள். பர்டியூ ஃபார்மா 1996இல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதுகுவலி, மூட்டுவலி என்று நீண்டநாள் வலிகளுக்கெல்லாம் விற்றது. அடிமையாக்கும் ஆபத்து மிகக் குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்தது. அதன்பின் குற்ற வழக்குகளில் 2007இலும் 2020இலும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அங்கே சிதைந்த குடும்பங்களுக்குக் கணக்கில்லை, அதை மறைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் லாபவெறி பிடித்த ஒரு நிறுவனம் தன் மாத்திரையைக் கடைச்சரக்காக்கிய கதை அது. விளம்பரமும் இல்லாமல், லாபமும் இல்லாமல், சில ரூபாய்க்குக் கிடைக்கும் மார்ஃபின் மாத்திரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்கர்கள் அளவுக்கு மீறி விழுங்கினார்கள் என்பதற்காக நம் ஊர்ப் புற்றுநோயாளி பட்டினி கிடக்க வேண்டுமா?

சென்னையில் இளைஞர்கள் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்வதும் உண்மை. போலீஸ் அடிக்கடி பிடிப்பது டேபென்டடால் மாத்திரை. சீட்டு இல்லாமல் விற்கும் கடைகளையும் கூரியரில் வரவழைக்கும் கும்பல்களையும் பிடியுங்கள். அடிமையானவர்களுக்கு மருத்துவம் செய்யுங்கள். அந்தப் பிள்ளைகள் செய்ததற்குப் புற்றுநோய் வார்டில் படுத்திருப்பவரைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், கோபம் வந்தாலும் வரட்டும். ஏற்கெனவே போதைக்கு அடிமையான ஒருவருக்கே புற்றுநோய் வந்தால்? அவருக்கும் மார்ஃபின் கொடுக்க வேண்டும். மற்றவர்களைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம். குறைந்த நாட்களுக்கு மட்டும் மருந்து தந்து, வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் ஒப்படைத்து, அடிக்கடி வரவழைத்துப் பார்க்கலாம். “குடிகாரன், கஞ்சாக்காரன், அனுபவிக்கட்டும்” என்று கைகழுவுவது மருத்துவம் ஆகாது. என் பெரியப்பாவும் புகையிலையால் அந்த நோயை வாங்கிக்கொண்டவர்தான். வலி யாருடைய ஒழுக்கத்தையும் விசாரித்துவிட்டு வருவதில்லை, மருந்து மட்டும் ஏன் விசாரிக்க வேண்டும்?

தமிழ்நாடு அரசிடம் ஒன்று கேட்கிறேன். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைக்கென்றே செவிலியர்கள் வீடு தேடிப் போகிறார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள். நல்ல காரியம், நன்றியோடு சொல்கிறேன். அப்படிப் போகும் செவிலியர் ஒரு வீட்டில் கடும் வலியைப் பார்த்தால், அன்று சாயங்காலத்துக்குள் அந்த நோயாளிக்கு மார்ஃபின் கிடைக்க வேண்டும். வட்ட அளவிலான ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் அங்கீகாரமும், பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும், தீராத இருப்பும் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்போது வலியில் படுத்திருந்தால், நாளைக் காலையில் டாக்டரிடம் போய் வாய்விட்டுக் கேளுங்கள்: “மார்ஃபின் மாத்திரை தருவீர்களா? இல்லையென்றால், எங்கே கிடைக்கும் என்று எழுதித் தாருங்கள்.” பழகிடும் என்று சொன்னால், எழுந்து வராதீர்கள். மறுபடியும் கேளுங்கள்.