ஈ.கோலையின் பழக்கம் பாக்டீரியாவின் சட்டமல்ல

நீட் பயிற்சிக்குப் போகும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தயங்காமல் ஒப்பிக்கும்: பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது, ஆகவே மரபணுவைப் படியெடுக்கும் பாலிமரேஸை ஒட்டியே ரைபோசோம் ஓடிவந்து புரதம் கட்டும். இரண்டு வேலையும் ஓரிடத்தில் நடக்கின்றன என்பது உண்மை. அதனாலேயே இரண்டும் சேர்ந்தே ஓடியாக வேண்டும் என்பது கட்டுக்கதை. என்.சி.இ.ஆர்.டி. நூல்கூட இவை இணைந்து நடக்கலாம் என்ற அளவில்தான் நிற்கிறது. அதை விதியாக்கியவை நம் பயிற்சிக் குறிப்பேடுகள்.

நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லவில்லை. 1970இல் ஆஸ்கர் மில்லர் குழுவினர் எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில், டி.என்.ஏ.வை விட்டு இன்னும் கழலாத ஆர்.என்.ஏ. இழைகளின்மேல் ரைபோசோம்கள் வரிசைகட்டி இருந்தன. ரைபோசோமின் வேகமே பாலிமரேஸின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று 2010இல் வந்த ஆய்வு காட்டியது. ரைபோசோம் பின்தங்கினால், மூடப்படாத ஆர்.என்.ஏ.வை ரோ என்னும் புரதம் பற்றிக்கொண்டு படியெடுத்தலையே நிறுத்திவிடும். அத்தனையும் மெய். அத்தனையும் ஈ.கோலை என்ற ஒரே பாக்டீரியாவில்.

2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜீன்-வெய் லீ குழுவினர் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவை அளந்தார்கள். அங்கே பாலிமரேஸ் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் ரைபோசோமை விட்டுவிட்டு ஓடுகிறது. பின்னால் நீளும் வெற்று ஆர்.என்.ஏ.வைக் கண்டு ரோ பாய்வதுமில்லை. டிரிப்டோஃபான் மரபணுக்களைப் பாருங்கள். அவற்றை நிறுத்துவதா தொடர்வதா என்பதை ஈ.கோலையில் ரைபோசோமின் நடை தீர்மானிக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் அதற்கு ரைபோசோமை நம்பியிருப்பதில்லை. டிராப் என்ற தனிப் புரதம் ஆர்.என்.ஏ.வைத் தன்மேல் சுற்றிக்கொண்டு அந்த முடிவை எடுக்கிறது. வேலை ஒன்று, ஏற்பாடு வேறு.

இந்தப் பாடம் புதுச்சேரிக்கு அந்நியமல்ல. 1975 முதல் இங்கே இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் (விசிஆர்சி) கொசுவை ஒழிக்கப் பேசில்லஸ்களையும் ஆராய்ந்துவருகிறது. கொசுப்புழுவைக் கொல்லும் விசிஆர்சி பி17, கூட்டுப்புழுவையும் கொல்லும் சர்ஃபாக்டினைச் சுரக்கும் பி471 இரண்டும் அதன் சேகரிப்பில் உள்ளவை. பி471 சாட்சாத் பேசில்லஸ் சப்டிலிஸ்தான். ஈ.கோலைக்குப் பொருந்துவது யானைக்கும் பொருந்தும் என்பது பிரெஞ்சு அறிஞர் ழாக் மோனோவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பேச்சு. யானை இருக்கட்டும், அந்த மையம் வளர்க்கும் பேசில்லஸின் இனத்துக்கே அது பொருந்தவில்லை.

பள்ளிப் பிள்ளைக்கு இந்த நுணுக்கம் எதற்கு என்பார்கள். நாளை அந்தப் பிள்ளைதான் ஜிப்மரில் மருந்து எழுதப்போகிறது. ரைபோசோமைத் தடுக்கும் மருந்து ஈ.கோலையில் படியெடுத்தலையும் குலைக்கும். அதே கணக்கை வேறொரு கிருமிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. ஓர் இனத்தை அளந்துவிட்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுதுவது அறிவியல் ஆகாது. அதைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது அதைவிட மோசம். பயிற்சி மையங்கள் குறிப்பேட்டைத் திருத்தட்டும். எல்லாப் பாக்டீரியாவிலும் இரண்டும் இணைந்தே நடக்கும் என்ற வரிக்குச் சரி போடுகிறவருக்கு மதிப்பெண் குறையட்டும்.