எச்சரிக்கையும் குற்றச்சாட்டே!

யாழ்ப்பாணத்து வீதியொன்றில் வண்டி செலுத்திச் செல்லும் வாலிபன் ஒருவனைப் பொலிசார் மறிக்கின்றனர். தண்டம் விதிக்கவில்லை, நீதிமன்றத்துக்கு அழைக்கவுமில்லை. "இம்முறை எச்சரித்து விடுகிறோம்" என்று கூறி அனுப்பி விடுகின்றனர். தான் எப்பிழையும் செய்யவில்லை என்று அவ்வாலிபன் வீட்டில் வந்து முறையிட்டால் பெரியோர் என்ன சொல்கின்றனர்? "எச்சரிக்கைதானே தம்பி! காசும் போகவில்லை, கோட்டுக்கு அலையவும் தேவையில்லை. பேசாமல் இரு" என்கின்றனர்.

இவ்வறிவுரை அன்பினாற் பிறந்தது. பல்லாண்டுக் காலம் சோதனைச் சாவடிகளிடையே வாழ்ந்த மக்களின் அச்சத்தினாலும் பிறந்தது. ஆயினும் அது பிழையான அறிவுரை என்பதே நமது கருத்து.

எச்சரிக்கை என்பதன் பொருள் யாது? "நீ குற்றம் செய்தாய்; நாம் உன்னை விட்டுவிட்டோம்" என்பதே அதன் பொருள். விட்டுவிட்டமைக்காகத் தலை வணங்குபவன், குற்றம் செய்ததையும் சேர்த்து ஒப்புக்கொண்டவனாகின்றான். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெறுவது எவருக்கும் பெருமையன்று. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரையும் சுற்றவாளியென்றே ஊகிக்க வேண்டும் எனக் கூறுகிறது. வீதியோரத்தில் நிற்கும் பொலிஸ்காரர் நீதவான் அல்லர்.

வேறொன்றையும் கவனித்தல் வேண்டும். தண்டச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு வாயில் உண்டு. குறித்த பதினான்கு நாட்களுக்குள் பணத்தைக் கட்டலாம். குற்றத்தை மறுப்பவன் கட்டாமல் விட்டு நீதவான் முன்னிலையில் வாதாடலாம். சாட்சியை விசாரிக்கலாம், சட்டத்தரணியை அமர்த்தலாம். எச்சரிக்கைக்கோ அவ்வாயில் இல்லை. அது எந்த நீதிமன்றத்தின் முன்னும் போவதில்லை. ஆகவே எவரும் அதை ஆராய்வதுமில்லை. ஆனால் பொலிஸ் நிலையக் குறிப்புப் புத்தகத்தில் அது ஏறிவிட்டால், நாளை வேறொரு சம்பவத்தின்போது "இவன் முன்னரே எச்சரிக்கப்பட்டவன்" என்ற சொல் அவ்வாலிபனுக்கு எதிராக எழக்கூடும். இலேசானது என்று நாம் எண்ணும் எச்சரிக்கை, மறுக்க வழியில்லாத காரணத்தினாலேயே தண்டத்திலும் பாரமானதாகி விடுகிறது.

நாம் ஒழுங்கீனத்துக்குப் பரிந்து பேசுகிறோம் என எவரும் கருத வேண்டா. கண்டி வீதியிலும் பலாலி வீதியிலும் பருத்தித்துறை வீதியிலும் சில வாலிபர் மோட்டார்ச் சைக்கிளைச் செலுத்தும் வேகத்தை நாம் அறிவோம். தலைக்கவசம் இன்றியும், அனுமதிப்பத்திரம் இன்றியும், மது அருந்தியும் வண்டி செலுத்துவோரைத் தடுக்க வேண்டியது பொலிசாரின் கடமை. அவர்கள் மீது சட்டம் பாயட்டும். நாம் குறுக்கே நிற்கப் போவதில்லை. எச்சரித்து அனுப்பும் அதிகாரம் நல்லெண்ணத்தோடு பயன்படுத்தப்பட்டால் அது இளைஞனுக்கு நன்மையே. நமது கேள்வி வேறு: எச்சரிக்கப்பட்டவனுக்குத் தான் செய்த பிழை என்னவென்று விளங்கியதா? விளங்காவிட்டால் அந்த எச்சரிக்கையால் எவருக்குப் பயன்?

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. தமிழ் தெரியாத பொலிசார் கடமையில் நிற்பதும், தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம் சிங்களத்தில் எழுதிய தாளில் ஒப்பம் கேட்பதும் வடபுலத்து மக்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் முறைப்பாடுகள். வாசிக்க முடியாத தாளில் இடும் ஒப்பம் சம்மதமாகாது. அது அச்சத்தின் கையெழுத்து.

சட்டம் என்ன சொல்கிறது? 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரச கரும மொழியாக்கியது. அந்நிலை இன்று ஏட்டளவில் இல்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்றது. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாக்கியது; தமிழ் நிருவாக மொழியாகவுள்ள இடங்களில் நீதிமன்றப் பதிவேடுகளும் நடவடிக்கைகளும் தமிழில் அமைய வழி செய்தது. யாழ்ப்பாணத்து நீதிமன்றின் மொழி தமிழென்றால், அந்நீதிமன்றுக்குச் செல்லக்கூடிய ஒரு வழக்கின் முதற் சொல் வீதியில் வேறொரு மொழியிற் பிறப்பது எந்த நியாயம்?

அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் அளித்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் இரு மொழியும் அறிந்த அலுவலர் இருத்தல் வேண்டும். முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமையுடையவர் என்று அது விதந்துரைத்தது. நாம் கேட்பது புதிய சலுகையன்று. அரசியலமைப்பில் எழுதியதையும் ஆணைக்குழு விதந்துரைத்ததையும் வீதியில் நடைமுறைப்படுத்துங்கள் என்றே கேட்கிறோம்.

வீதியும் மொழியும் இந்நாட்டில் இன்றுதான் முதன்முறை மோதுகின்றன என்பதுமில்லை. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. தமிழ் எழுத்தைப் பொறித்து வண்டி ஓட்டியோர் வழக்குகளைச் சந்தித்தனர். 1958இல், தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவையின் வண்டிகள் அவ்வெழுத்தோடு வடக்கே அனுப்பப்பட்டபோது கொந்தளிப்பு மூண்டது; அவ்வாண்டு ஏப்ரிலில் பண்டா - செல்வா உடன்படிக்கையும் கிழித்தெறியப்பட்டது. இன்று புதிய தகடுகளில் அவ்வெழுத்து இல்லை. அதற்காக இந்நாடு கொடுத்த விலையோ கணக்கிலடங்காது. சிறிய எழுத்து என்றும், சிறிய தாள் என்றும் ஆள்வோர் அலட்சியம் செய்தலாகாது என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

சிறிய விடயத்துக்காக வாதாடுவதா என்று கேட்போருக்கு இன்னொரு வரலாற்றையும் நினைவூட்டுவோம். கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர், சிங்களப் பரீட்சையில் தேறாமைக்காகத் தமது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். தொகையோ சொற்பம். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது; 1969இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில், அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்குத் தொடர முடியாது என்ற உயர் நீதிமன்றத்தின் முடிவைத் தள்ளியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு தனி மனிதர் "இது சரியன்று" என்று எழுந்து நின்றமையால் அரசாங்கமே மன்றுக்கு மன்று விடையளிக்க நேர்ந்தது.

பொலிசாரின் சொல்லே முடிந்த முடிபு என்று ஏன் கொள்ளக் கூடாது? 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் இரவு, காங்கேசன்துறை வீதியிற் கொக்குவில் குளப்பிட்டியில், மோட்டார்ச் சைக்கிளிற் சென்ற யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். விபத்து என்றே முதலிற் கூறப்பட்டது. பிரேத பரிசோதனையோ துப்பாக்கிச் சூட்டுக் காயத்தைக் காட்டியது. பின்னர் பொலிசார் ஐவர் கைது செய்யப்பட்டனர். எல்லாப் பொலிசாரையும் அவ்வாறு கருதுவது அநீதி. நேர்மையாகக் கடமை புரிவோர் பலருளர். ஆனால், முதலிற் சொல்லப்பட்ட கூற்றை எவரும் கேள்வி கேளாது விட்டிருந்தால் உண்மை அந்த வீதியோரத்திலேயே புதைந்திருக்கும். கேள்வி கேட்பது பொலிசுக்குப் பகையன்று. நேர்மையான பொலிஸ்காரருக்கு அதுவே காவல்.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. எச்சரிக்கை வழங்கினால், குற்றம், இடம், நேரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி அதன் பிரதியைச் சாரதியிடம் கொடுத்தல் வேண்டும். விளங்காத மொழியில் ஒப்பம் பெறுதல் முற்றாக நிறுத்தப்படல் வேண்டும். வீதிக் கடமையில் நிற்கும் ஒவ்வொரு குழுவிலும் தமிழ் அறிந்த ஒருவரேனும் இருத்தல் வேண்டும். எச்சரிக்கையை மறுப்பவரின் முறைப்பாட்டை மேலதிகாரி ஏற்று எழுத்தில் மறுமொழி அளித்தல் வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. மனம் இருந்தாற் போதும்.

வாலிபர்களுக்கும் சொல்வோம். பிழை செய்தால் ஒப்புக்கொள்ளுங்கள். செய்யாவிட்டால் அமைதியாக, மரியாதையோடு மறுத்துரையுங்கள். சத்தமிடுவதும் சண்டைக்குப் போவதும் உங்கள் நியாயத்தை நீங்களே கெடுத்துக் கொள்வதாகும். விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள், தமிழில் கேளுங்கள். இடத்தையும் நேரத்தையும் பொலிஸ்காரரின் இலக்கத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். நிலையப் பொறுப்பதிகாரியிடமும், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும், மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும், மொழி பற்றிய குறையாயின் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் எழுத்தில் முறையிடலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டதாயின் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். இவ்வாலிபர்களிடம் கட்டணம் வாங்காது ஆலோசனை கூறச் சட்டத்தரணிகள் முன்வருதல் வேண்டும்.

போரின் இறுதி ஆண்டுகளிற் பிறந்த பிள்ளைகள் இன்று சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் வயதை அடைந்துள்ளனர். அரசாங்கத்தை அவர்கள் நேருக்கு நேர் சந்திக்கும் முதலிடம் பெரும்பாலும் ஒரு வீதிச் சந்தியே. அங்கே தமது மொழியில், தமது குற்றம் இன்னதென்று கேட்டு, அதற்கு மறுமொழி கூற இடம் பெற்றால், சட்டத்தை மதிக்கும் குடிமக்களாக அவர்கள் வளர்வர். விளங்காத தாளும் மறுக்கவியலாத எச்சரிக்கையும் கிடைத்தாலோ சட்டத்துக்கு அஞ்சுவர், மதிக்கமாட்டார். அரசாங்கத்துக்கு எது வேண்டும்?