தூதுவன் மட்டுமா ஆர்.என்.ஏ.?

"ஆர்.என்.ஏ. என்றால் என்ன?" என்று தேர்வில் கேட்டால், "டி.என்.ஏ.யின் செய்தியைச் சுமந்து செல்லும் தூதுவன்" என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். தோழியரே, அது அரை விடை என்பது என் கருத்து. சாட்சிக்கு ஒரு வைரஸையே அழைக்கிறேன்.

1977ஆம் ஆண்டு இத்தாலியின் டூரின் நகரில் மரியோ ரிசெட்டோ என்னும் மருத்துவர், ஹெப்படைடிஸ் பி நோயாளிகளின் கல்லீரல் செல்களில் புதியதொரு பொருளைக் கண்டார். பி வைரஸின் ஒரு பகுதியே அது என்று முதலில் எண்ணினார்கள். பிறகுதான் அது வேறொரு வைரஸுக்கு உரியது என்று தெரிந்தது. அதுவே 'டெல்டா'. அதன் மரபுப்பொருள் சுமார் 1,700 எழுத்துகள் கொண்ட ஒரே ஓர் ஆர்.என்.ஏ. வளையம். மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் இத்தனை சிறியது வேறில்லை.

பிரதி எடுக்கும் நொதிகூட இந்த ஏழையிடம் கிடையாது. பின் எப்படிப் பெருகுகிறது? மடிப்பினால்தான். வளையத்தின் ஒரு பக்கத்து எழுத்துகள் எதிர்ப்பக்கத்து எழுத்துகளோடு இணைசேர, வளையம் ஒட்டிப்போய் ஒரு கோல்போல் ஆகிறது. டி.என்.ஏ.யைப் படிக்க வேண்டிய நம் செல்லின் நொதி, இந்தக் கோலைப் படிக்கத் தொடங்கிவிடுகிறது! செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வந்து, பல பிரதிகள் தொடர்ந்த நீண்ட நாடாவை இழுத்துவிடுகிறது. அதை வெட்டுவது யார்? நாடாவேதான். அதில் ஏறக்குறைய 85 எழுத்துகள் முடிச்சாக மடிந்து, தம்மைத் தாமே அளவாக வெட்டிக்கொள்கின்றன. துண்டுகளின் முனைகள் சேர்ந்து மீண்டும் வளையங்களாகின்றன. அந்த முடிச்சின் வடிவத்தை 1998இல் படிகமாக்கிக் காட்டியவர்களுள் ஒருவர் ஜெனிஃபர் டௌட்னா. 2020இல் வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அதே அம்மையார்தான்.

நிறுத்தும் ஆணையும் மடிப்பிலேயே இருக்கிறது. மடிந்த ஓரிடத்தில் நம் செல்லின் இன்னொரு நொதி ஓர் எழுத்தை மாற்றிவிடும். அதனால் 195 அமினோ அமிலங்களோடு முடிய வேண்டிய புரதம் 214 வரை நீள்கிறது. குட்டைப் புரதம் பெருக்கத்துக்கு உதவும். நெட்டைப் புரதமோ அதைத் தடுத்து, வைரஸை மூட்டை கட்ட வைக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஹெப்படைடிஸ் பிக்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மருந்து, அந்த வைரஸின் பிரதி நொதியை முடக்குவது. டெல்டாவிடம் முடக்குவதற்கு நொதி ஏது? ஆகவே அம்மருந்து அதனிடம் பலிப்பதில்லை. ஆனால் மேலுறைக்கு அது பி வைரஸையே நம்பியிருப்பதால், பி தடுப்பூசி இரண்டையும் தடுக்கிறது. 'தூதுவன்' என்ற ஒற்றைச் சொல்லை மனப்பாடம் செய்தவளுக்கு இந்தக் காரணங்கள் விளங்குமா?

ஆசிரியைகளுக்கு ஒரு விண்ணப்பம். நீளமான காகித நாடாவில் எழுத்துகளை எழுதி மடித்துப் பார்க்க, எங்களுக்கு ஒரே ஒரு பாடவேளை கொடுங்கள். கத்தரிக்கோலும் பசையும் நாங்களே கொண்டு வருகிறோம்.