மொக்கை ஈட்டி

2002-ல் பெதஸ்டா வெளியிட்ட மாரோவிண்ட் விளையாட்டில் ஈட்டி பிடிக்கப் பழகுவது பெரும்பாடு. மொத்தம் 27 திறன்கள். ஐந்தை முதன்மைத் திறனாகவும், ஐந்தை அடுத்த நிலையிலும் தேர்ந்தெடுத்த பிறகு மீதி 17-ம் உதிரி. உதிரித் திறன் 5 புள்ளியில் ஆரம்பிக்கும் (இனத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம்). 5 புள்ளி வைத்திருக்கும் ஈட்டிக்காரர் மூக்குக்கு முன்னால் நிற்கும் சேற்று நண்டைக் குத்தினாலும் பெரும்பாலும் படாது. ஈட்டி நண்டுக்குள் புகுந்து வெளியே வருவது திரையில் நன்றாகத் தெரியும். ஆனால் ஆட்டம் உள்ளுக்குள் ஒரு பகடையை உருட்டி, குறி தவறிவிட்டது என்று தீர்ப்பு சொல்லிவிடும். பட்டால்தான் திறன் வளரும், வளர்ந்தால்தான் படும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் கதைதான்.

சரி, வாள் இருக்கும்போது ஈட்டியை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? காரணம் இருக்கிறது. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் எண்டூரன்ஸ் என்ற தாங்குசக்தியில் பத்தில் ஒரு பங்குதான் உயிர்ப்புள்ளியாகச் சேரும். பின்னால் எண்டூரன்ஸ் கூடினாலும் பழைய பாக்கி கிடைக்காது. எண்டூரன்ஸை ஒரே லெவலில் 5 புள்ளி ஏற்ற, அதன் கீழ் வரும் திறன்கள் பத்து முறை உயர்ந்திருக்க வேண்டும். அப்படி வருபவை மூன்றே மூன்று: கனமான கவசம், நடுத்தரக் கவசம், ஈட்டி. மந்திரவாதியாகவோ திருடனாகவோ ஆடுபவருக்கு மூன்றுமே ஆகாதவை. ஆனால் ஆரம்பத்திலேயே இவற்றில் ஒன்றைப் பழகாவிட்டால் கடைசிவரை நோஞ்சானாகவே திரிய வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் மோட் செய்பவர்கள் வருகிறார்கள். கணினிப் பதிப்போடு கன்ஸ்ட்ரக்ஷன் செட் என்ற கருவியையும் பெதஸ்டாவே சேர்த்துக் கொடுத்தது. அதைத் திறந்து, இரும்பு ஈட்டியை எடுத்து, அடையாளப் பெயரை மாற்றினால், புதுப் பொருளாக உருவாக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்ல வேண்டும். (பெயரை மாற்ற மறந்துவிட்டுச் சேதத்தைத் திருத்தினால் ஆட்டத்தில் உள்ள அத்தனை இரும்பு ஈட்டிகளும் மாறிப்போகும். புதிதாக வருபவர்கள் தவறாமல் செய்யும் தப்பு இது.) அதன் பிறகு சேதம் 1-லிருந்து 1 வரை. சுலபத்தில் தேயாமல் உறுதியைக் கூட்டிக்கொள்ளலாம். கூடவே, தாக்குதல் படும் வாய்ப்பைக் கூட்டும் நிரந்தர மந்திரம் ஒன்று. அவ்வளவுதான், மொக்கை ஈட்டி தயார். குத்து அடிக்கடி படும், ஆனால் நண்டு லேசில் சாகாது. எவ்வளவு காயம் செய்தோம் என்பதை ஆட்டம் பார்ப்பதில்லை, பட்டதா இல்லையா என்பதை மட்டுமே கணக்கில் எடுக்கும் என்பதால் ஒரே நண்டிடம் நெடுநேரம் பாடம் படிக்கலாம்.

இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. அந்தப் பட்டம் இதற்குப் பொருந்தாது. வெறும் எண்தான் வேண்டுமென்றால் பொருள் எதுவுமே தேவையில்லை. கன்சோலைத் திறந்து ஒரு வரி தட்டினால் ஈட்டித் திறன் 100 ஆகிவிடும். திறனை ஒரு புள்ளி கூட்டும் புத்தகங்களும் ஆட்டத்தில் உண்டு. கருவியில் அவற்றைப் பிரதி எடுத்து ஒரு பெட்டி நிறைய வைத்துவிட்டால் பக்கத்தைக் கூடப் புரட்டாமல் பண்டிதர் ஆகலாம். ஏட்டுச் சுரைக்காய்! முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகுவது வேறு. அங்கே கை கால் அடிப்பது பையன்தான், குடுக்கை மூழ்காமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. மொக்கை ஈட்டி இந்தச் சாதி. விளையாடுபவர் நூற்றுக்கணக்கான முறை குத்தத்தான் வேண்டும்.

இன்னும் சொல்லப்போனால், மோட் எதுவும் இல்லாத அசல் ஆட்டமே இதைவிடப் பெரிய தில்லுமுல்லுக்கு இடம் கொடுக்கிறது. தன் திறனைச் சில நொடிகள் குறைத்துக்கொள்ளும் மந்திரத்தைப் போட்டுவிட்டுப் பயிற்சியாளரிடம் பேசினால், அவர் சுத்த அசடு என்று நினைத்து அசட்டுக்குரிய கட்டணத்தையே கேட்பார் :-)

ஆனால் மொக்கை ஈட்டி செய்பவர்களும் ஒரு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். மந்திரத்தின் அளவை 100 என்று வைத்துவிடுகிறார்கள். அப்புறம் எந்தக் குத்தும் தவறுவதில்லை, திறன் ஏறியதால் எந்த வித்தியாசமும் தெரிவதில்லை. குடுக்கையை ஒருநாள் அவிழ்க்கத்தானே வேண்டும்? 40, 20, பூஜ்யம் என்று மூன்று ஈட்டிகள் செய்து, ஒவ்வொன்றாகக் கைமாற்றுவதுதான் முறை. மூன்றாவதோடு போய் நிற்கும்போது திரும்பவும் சில குத்துகள் தவறும். ஆனால் ஆரம்பத்தில் தவறிய அளவுக்கு இல்லை. அந்த வித்தியாசத்தை அனுபவிக்கத்தானே இத்தனை பாடு!

கவசமில்லாமல் சண்டையிடும் திறனின் கதை இன்னும் பரிதாபம். நிரலில் ஒரு பிழை. உடம்பில் ஒரு கவசத் துண்டாவது இருந்தால்தான் அந்தத் திறன் தரும் பாதுகாப்பு கணக்கில் வரும். முழுக்க வெறும் உடம்போடு நின்றால் பாதுகாப்பு பூஜ்யம். எடையும் தடுப்புமற்ற ஒரு கைக்காப்பைச் செய்து மாட்டினால் போதும், திறன் வேலை செய்யும். பின்னால் ரசிகர்கள் உருவாக்கிய மாரோவிண்ட் கோட் பேட்ச் இதைச் சரிசெய்தது. பணம் வாங்கிய நிறுவனம் விட்டுவைத்த ஓட்டையைப் பணம் வாங்காத ஒருவர் செய்த காப்பு அடைத்தது என்றால், அதை ஏமாற்று என்று எந்த வாயால் சொல்வது?

2006-ல் ஆப்ளிவியன் வந்தபோது திறன்கள் 21 ஆகிவிட்டன. ஈட்டி, நடுத்தரக் கவசம், கவசமில்லாச் சண்டை மூன்றும் காணாமல் போயின. 2011-ன் ஸ்கைரிமில் 18-தான். ஓட்டமும் தாவலும்கூடப் போய்விட்டன. யாரும் பயன்படுத்தவில்லை என்று தூக்கியிருக்கலாம். பழகவே முடியாதபடி வைத்தால் யார் பயன்படுத்துவார்கள்? ஸ்கைரிமுக்கும் ஆர்வலர்கள் ஈட்டி செய்யத்தான் செய்தார்கள். ஆனால் அங்கே ஈட்டி என்றொரு திறன் இல்லாததால், அந்த ஈட்டியால் எத்தனை குத்து குத்தினாலும் வாள்வீசுபவரின் கணக்கில்தான் ஏறுகிறது.